ஜப்பானோட ஜோக்மெக் என்ன பண்ணுது, நம்ம காபில் அதே மாதிரியா?

கேள்வி இதான்: ஜப்பான்ல ஜோக்மெக்னு ஒரு அரசு அமைப்பு இருக்கே, அது ஓஎன்ஜிசி மாதிரி எண்ணெய் எடுக்கற கம்பெனியா, இல்ல ஃபைல் பாக்கற டிபார்ட்மெண்ட்டா, நம்ம அரசு வெளிநாட்டுல கனிமம் தேடறதுக்காக 2019ல ஆரம்பிச்ச காபிலும் அதே மாதிரிதானா. கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா நான் மோட்டார் பாகங்கள் செய்யற ஒரு பேக்டரில பர்சேஸ்ல இருக்கேன், 2010ல இருந்து நியோடிமியம் மேக்னட் வாங்கறதுதான் என் வேலைல பெரிய தலைவலி, அந்த தலைவலியாலதான் இந்த அமைப்பைப் பத்தி படிக்க ஆரம்பிச்சேன், இன்னும் படிச்சுட்டு இருக்கேன்.

முதல்ல அது கம்பெனி கிடையாது. ஜப்பானோட பொருளாதார, வர்த்தக, தொழில்துறை அமைச்சகத்துக்குக் கீழ வர்ற ஒரு அரசு அமைப்பு, தலைமை ஆபீஸ் டோக்கியோவுல தோரனோமோன் பக்கம். லாபத்துக்காக அது எண்ணெய் எடுத்து விக்கறது இல்ல, தனக்குன்னு சுரங்கம் நடத்தறதும் இல்ல. ஒரு ஜப்பான் கம்பெனி ஆஸ்திரேலியாவுலயோ ஆப்பிரிக்காவுலயோ ஒரு சுரங்கத்துல, ஒரு கேஸ் வயல்ல பணம் போடணும்னு நினைக்கும், ஆனா பத்து வருஷம் கழிச்சுதான் சரக்கு வெளிய வரும், நடுவுல விலை விழலாம், அந்த நாட்டுல ஆட்சி மாறலாம், அதனால போர்டு பயப்படும், பேங்க்கும் பயப்படும். அங்கதான் ஜோக்மெக் வருது. கூட ஒரு பங்கு பணம் போடும், கடன் குடுக்கும், பேங்க் கடனுக்கு கேரண்டி நிக்கும். சில இடத்துல அதுவே வெளிநாட்டு சின்ன கம்பெனிகளோட சேந்து ட்ரில்லிங் பண்ணிப் பாத்து, கனிமம் இருக்குன்னு தெரிஞ்சதும் தன்னோட உரிமையை ஜப்பான் கம்பெனிகளுக்கு டெண்டர் போட்டுக் குடுத்துட்டு வெளிய வந்துடும். இது போக நாட்டோட கச்சா எண்ணெய், எல்பிஜி, அரிய உலோகங்கள் கையிருப்பை பாத்துக்கறதும் அதோட வேலைதான்.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அது ஏன் இப்படி நடந்துக்குதுன்னு புரியும். இதுக்கு ரெண்டு முன்னோர். ஒண்ணு 1963ல உலோகச் சுரங்கங்களுக்காக ஆரம்பிச்சது, இன்னொண்ணு 1967ல பெட்ரோலியத்துக்காக ஆரம்பிச்சது, பின்னாடி அதுக்கு ஜப்பான் தேசிய எண்ணெய் கழகம்னு பேர் வந்துச்சு. இந்த ரெண்டாவதோட கதை சோகமானது. உலகம் பூரா எண்ணெய் தேடற ஜப்பான் கம்பெனிகளுக்கு அது பணம் குடுத்துட்டே இருந்துச்சு, எண்ணெய் கிடைச்சா திருப்பிக் குடு, கிடைக்கலன்னா வேண்டாம்ங்கற மாதிரியான ஏற்பாடு. யோசிச்சுப் பாருங்க, தோத்தா திருப்பித் தர வேண்டாம்னா யாரு எதுக்குக் கஷ்டப்பட்டு கணக்குப் பாப்பாங்க, எந்த இடத்துல நிறுத்தணும்னு யாரு முடிவெடுப்பாங்க. 1990கள் கடைசில நஷ்டம் லட்சம் கோடி யென் கணக்குல நிக்குதுன்னு வெளிய வந்துச்சு, அதைப் போட்டு உடைச்சவர் எதிர்க்கட்சிக்காரர் இல்ல, அந்தத் துறைக்கே அமைச்சரா இருந்த ஹோரியுச்சி மித்சுவோ. அதுக்கு மேல 2000 பிப்ரவரில அரேபியன் ஆயில்ங்கற ஜப்பான் கம்பெனி 1960ல கண்டுபிடிச்சு எண்ணெய் எடுத்துட்டு இருந்த, சவுதிக்கும் குவைத்துக்கும் நடுவுல இருக்கற காஃப்ஜி வயலோட சவுதி பக்கத்து உரிமை கைய விட்டுப் போச்சு. சவுதி அரசு ஒரு கனிம ரயில் பாதை போட்டுக் குடுக்கச் சொன்னாங்க, ஜப்பானுக்கு அது கட்டுப்படியாகல, பேச்சு முறிஞ்சுது, நாப்பது வருஷ சமாச்சாரம் முடிஞ்சுது.

அதுக்கப்புறம்தான் பழைய கழகத்தைக் கலைக்கறதுன்னு முடிவு பண்ணி, அது கைல இருந்த நல்ல சொத்துக்களை இன்பெக்ஸ் மாதிரி பங்குச்சந்தைல இருக்கற கம்பெனிகளுக்கு மாத்திட்டு, மிச்ச வேலைகளையும் உலோக அமைப்பையும் ஒண்ணாக்கி 2004 பிப்ரவரி 29ல ஜோக்மெக் ஆரம்பிச்சாங்க. 2012ல நிலக்கரியும் புவிவெப்பமும் வந்து சேந்துச்சு. 2022ல சட்டத்தைத் திருத்தி ஹைட்ரஜன், அம்மோனியா, கார்பனைப் பூமிக்கடியில அடைச்சு வெக்கறது, கடல் காத்தாலைக்கான ஆய்வு இதெல்லாம் கூட அதுகிட்டக் குடுத்தாங்க, அந்த வருஷம் நவம்பர்ல பேர்லயே 'எரிசக்திப் பாதுகாப்பு'ன்னு வர்ற மாதிரி மாத்திட்டாங்க, சுருக்கப் பேரு மட்டும் அப்படியே ஜோக்மெக்.

இப்ப கையிருப்பு விஷயம். 1973 அக்டோபர்ல அரபு நாடுகள் எண்ணெயைக் குறைச்சப்ப ஜப்பான் எரிசக்தில முக்கால் பங்குக்கு மேல எண்ணெய்தான், அதுவும் இறக்குமதி. நவம்பர்ல ஒசாகா பக்கம் ஒரு கடைல டாய்லெட் பேப்பர் தீந்துடுச்சுன்னு ஆரம்பிச்ச பதட்டம் நாடு பூரா பரவிச்சு, ஜனங்க விடியறதுக்கு முன்னாடியே கடை வாசல்ல வரிசைல நின்னாங்க. நம்ம ஊர்ல மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடைல டின்னோட நின்னவங்களுக்கு அந்தப் பயம் என்னன்னு தெரியும். 1975ல எண்ணெய் கம்பெனிகள் கட்டாயம் இத்தனை நாள் சரக்கு வெச்சிருக்கணும்னு சட்டம் வந்துச்சு, 1978ல இருந்து அரசே சேத்து வெக்க ஆரம்பிச்சுது, 5 கோடி கிலோலிட்டர்ங்கற இலக்கைத் தொட 1998 ஆயிடுச்சு. இருபது வருஷம்! எத்தனை பிரதமர் மாறிருப்பாங்க, ஆனா சேக்கறது மட்டும் நிக்கல.

இப்ப அரசோட எண்ணெய் கையிருப்பு தளங்கள் 10. ஆவோமோரில இருக்கற முத்சு-ஒகாவாரா மாதிரி சில இடத்துல தரைமேல பெரிய பெரிய தொட்டி, அகிதாவுல தொட்டியை மண்ணுக்குள்ள இறக்கி வெச்சிருக்காங்க, கித்தாக்யூஷு பக்கம் ஷிராஷிமாலயும் நாகசாகி பக்கம் கமிகோதோலயும் கடல்ல மிதக்கற தொட்டி, கப்பல் மாதிரி ஆனா எங்கயும் போகாது. எனக்கு ரொம்பப் பிடிச்சது பாறைக் குகைகள், குஜி, கிகுமா, குஷிகினோன்னு மூணு இடம். நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழ கருங்கல்லைக் குடைஞ்சு குகை பண்ணி எண்ணெயை அப்படியே பாறைலயே ஊத்திடறாங்க, இரும்புத் தகடு ஒண்ணும் கிடையாது. சுத்தி இருக்கற பாறை வெடிப்புல எல்லாம் தண்ணி நிறைஞ்சு நிக்குது, அந்தத் தண்ணியோட அழுத்தம் எண்ணெயோட அழுத்தத்தை விட அதிகமா இருக்கற வரைக்கும் தண்ணி உள்ள கசியுமே தவிர எண்ணெய் வெளிய போகாது, உள்ள கசிஞ்ச தண்ணி அடில தேங்கும், அதை பம்ப் வெச்சு இறைச்சுடுவாங்க. நம்ம விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் குகைகளும் இதே தத்துவம்தான், மூணும் சேத்து 53.3 லட்சம் டன், நாட்டுத் தேவைக்கு பத்து நாளைக்குக் கூட முழுசா வராது, ஜப்பானோட அரசு கையிருப்பு மட்டுமே நூறு நாளைத் தாண்டும்.

குஜியைப் பத்தி ஒரு விஷயம் சொல்லாம இருக்க முடியல. இவாதே கடற்கரைல இருக்கு, 2011 மார்ச் 11 சுனாமி அந்தத் தளத்தோட தரைமேல இருந்த கட்டடம், மெஷின் எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போயிடுச்சு. பாறைக்குள்ள இருந்த எண்ணெய் அப்படியே இருந்துச்சு. குகை வெட்டறப்ப வேலைக்காகப் போட்ட சுரங்கப்பாதைலதான் ஊர்க்காரங்க மொகுரான்பியான்னு ஒரு மீன் காட்சியகம் நடத்திட்டு இருந்தாங்க, அதுவும் சுனாமில போச்சு, ஐஞ்சு வருஷம் கழிச்சு 2016 ஏப்ரல்ல அதே இடத்துல திரும்பத் திறந்தாங்க. எண்ணெய்க் குகைக்குப் பக்கத்துலயே பள்ளிக்கூடப் பசங்க மீன் பாக்கப் போறாங்கன்னா அந்த ஊருக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவுல ஏதோ நம்பிக்கை இருக்குன்னுதான் அர்த்தம்.

கையிருப்பை சும்மா பூட்டி வெச்சிருக்காங்கன்னும் நினைக்காதீங்க. 2011ல கம்பெனிகள் கட்டாயமா வெச்சிருக்க வேண்டிய அளவை 25 நாள் குறைச்சு விட்டாங்க, வடகிழக்குல பெட்ரோல் இல்லாம ஆம்புலன்ஸ் நின்ன நேரம் அது. அரசோட சொந்தக் கையிருப்பை பல நாடுகளோட கூட்டு முடிவுப்படி திறந்தது 2022ல உக்ரைன் போர் சமயத்துலதான் முதல் தடவை, ஜப்பான் பங்கு 1.5 கோடி பீப்பாய், அதுல 90 லட்சம் அரசோடது. இது போக சவுதி அராம்கோவுக்கு ஒகினாவாவுலயும் அபுதாபி எண்ணெய் கம்பெனிக்கு கியிரேலயும் தொட்டி குடுத்திருக்காங்க, சாதாரண நாள்ல அவங்க அதை ஆசியால வித்துக்கலாம், நெருக்கடி வந்தா முதல் உரிமை ஜப்பானுக்கு. நல்ல ஏற்பாடு, மங்களூருல நம்ம ஆளுங்களும் அபுதாபிகாரங்களோட கிட்டத்தட்ட இதே மாதிரிதான் பண்ணாங்க. உலோகத்துக்கும் 1983ல இருந்து கையிருப்பு இருக்கு, நிக்கல், குரோமியம், டங்ஸ்டன், கோபால்ட், மாலிப்டினம், மாங்கனீஸ், வனேடியம்னு ஏழு உலோகத்துல ஆரம்பிச்சு இப்ப முப்பதுக்கு மேல போயிடுச்சு, இபராகி மாகாணத்துல ஒரு கிடங்குல டிரம் டிரம்மா அடுக்கி வெச்சிருக்காங்க.

இப்ப என் பொழப்பு சம்பந்தப்பட்ட இடத்துக்கு வர்றேன், ரேர் எர்த், அதாவது மேக்னட்டுக்கு வேண்டிய நியோடிமியம் மாதிரியான அருமண் உலோகங்கள். 2010 செப்டம்பர் 7ல செங்காகு தீவு பக்கம் ஒரு சீன மீன்பிடிப் படகு ஜப்பான் கடலோரக் காவல் கப்பல் மேல மோதுச்சு, கேப்டனைப் பிடிச்சு வெச்சாங்க, சில நாள்லயே சீனால இருந்து ஜப்பானுக்கு ரேர் எர்த் வர்றது நின்னு போச்சு. அப்ப ஜப்பான் வாங்கினதுல கிட்டத்தட்ட 90 சதவீதம் சீனா சரக்கு. விலை அடுத்த வருஷ நடுவுல கிட்டத்தட்ட பத்து மடங்கு ஏறுச்சு. நான் அப்ப வேலைக்குப் புதுசு, காலைல ஒரு கொட்டேஷன் வரும், சாயங்காலம் போன் பண்ணா அந்த ரேட்டு இல்லம்பாங்க, எங்க சப்ளையர் ஒருத்தர் அட்வான்ஸ் வாங்கிட்டே சரக்கு அனுப்பாம விட்டுட்டார், அந்த ஒரு ஆர்டரால நான் ரெண்டு மாசம் ராத்திரி தூங்கல. ஒரு மோட்டார்ல இருக்கற சின்ன மேக்னட்துண்டு வரலன்னா முழு லைனும் நிக்கும்னு அப்பதான் எனக்கு உறைச்சுது.

ஜப்பான் என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. 2011 மார்ச்ல ஜோக்மெக்கும் சோஜித்ஸ்ங்கற வர்த்தகக் கம்பெனியும் சேந்து ஆஸ்திரேலியாவோட லைனஸ் கம்பெனிக்கு 25 கோடி டாலர் குடுத்தாங்க, பெரும்பகுதி கடன், கொஞ்சம் பங்கு. அதுக்குப் பதிலா வருஷத்துக்கு சுமார் 8,500 டன் பத்து வருஷத்துக்கு ஜப்பானுக்கு. லைனஸோட சுரங்கம் மேற்கு ஆஸ்திரேலியாவுல மவுண்ட் வெல்ட், ஆனா பிரிச்செடுக்கற ஆலை மலேசியாவுல குவாந்தான் பக்கம் கெபெங்ல. அந்த ஊர் ஜனங்க கதிரியக்கக் கழிவு வருமேன்னு பெரிய போராட்டம் பண்ணாங்க, அவங்க பயத்துல நியாயம் இருக்கு, தோரியம் கலந்த கழிவு சும்மா விளையாட்டு இல்ல. லைசென்ஸ் தள்ளிப் போச்சு. ஆலை ஓட ஆரம்பிக்கறதுக்குள்ள விலை சரிஞ்சு விழுந்துச்சு. 2014ல உலக வர்த்தக அமைப்புல சீனாவோட ஏற்றுமதி கோட்டாவுக்கு எதிரா தீர்ப்பு வந்து, 2015ல கோட்டாவை எடுத்தாங்க, விலை இன்னும் கீழ.

இங்க ஒரு ஒப்பீடு பண்ணியே ஆகணும், ஏன்னா மொத்த விஷயமும் இதுல இருக்கு. அமெரிக்காவுல அதே சமயம் மாலிகார்ப்னு ஒரு கம்பெனி மவுண்டன் பாஸ் சுரங்கத்தைத் திரும்பத் திறந்து கோடி கோடியா செலவு பண்ணிட்டு இருந்துச்சு. ரெண்டு கம்பெனிக்கும் ஒரே விலை, ஒரே அடி. மாலிகார்ப் 2015 ஜூன்ல திவால். லைனஸ் கிட்டயும் காசு இல்ல, அதுவும் அந்த வருஷங்கள்ல கழுத்தளவு தண்ணிலதான் நின்னுச்சு, ஆனா கடன் குடுத்தவங்க ஜப்பான்காரங்க, அவங்க வட்டியைக் குறைச்சாங்க, கெடுவைத் தள்ளி வெச்சாங்க, 2016ல ஒரு தடவை, 2019ல இன்னொரு தடவை தள்ளி 2030 வரைக்கும் கொண்டு போயிட்டாங்க. ஒரு பேங்க்கா இருந்தா ஆலையை ஜப்தி பண்ணி வித்திருக்கும், அதுவும் தப்பு இல்ல, பேங்க்கோட வேலை அது. ஜோக்மெக்குக்கு வேண்டியது வட்டி இல்ல, பத்து வருஷம் கழிச்சு சீனாவுக்கு வெளிய ஒரு ஆலை உயிரோட இருக்கணும், அவ்ளோதான். விலை ஏறி இருக்கறப்ப பணம் போட எல்லாரும் வருவாங்க, விழுந்து கிடக்கற நாள்ல உக்காந்திருக்கறதுக்குத்தான் ஒரு அரசு அமைப்பு வேணும்னு நான் நம்பறது இந்தக் கதையாலதான்.

பலன் என்னன்னா ரேர் எர்த்துக்கு ஜப்பான் சீனாவைச் சார்ந்திருந்தது 90 சதவீதத்துல இருந்து 60 பக்கம் இறங்குச்சு. இன்னும் அதிகம்தான், முழு விடுதலைன்னு சொல்ல மாட்டேன். குறிப்பா சூடான மோட்டார்ல காந்தம் வலு இழக்காம இருக்கச் சேக்கற டிஸ்ப்ரோசியம், டெர்பியம் ரெண்டுக்கும் ரொம்ப நாள் சீனாதான் கதி. 2023 மார்ச்ல ஜோக்மெக்கும் சோஜித்ஸும் மறுபடி 20 கோடி ஆஸ்திரேலிய டாலர் போட்டாங்க, லைனஸ் எடுக்கப்போற டிஸ்ப்ரோசியம் டெர்பியத்துல 65 சதவீதம் வரைக்கும் ஜப்பானுக்குன்னு ஒப்பந்தம். 2025 மே மாசம் லைனஸ் மலேசியா ஆலைல டிஸ்ப்ரோசியம் ஆக்சைடு எடுத்துக் காமிச்சுது. முதல் பணம் போட்டு 14 வருஷம். அதுக்குள்ளயே 2025 மார்ச்ல பிரான்ஸ்ல லாக்ங்கற ஊர்ல வர்ற கேர்மேக் ரேர் எர்த் ஆலைக்காக ஜோக்மெக்கும் இவாதானிங்கற ஜப்பான் கம்பெனியும் 11 கோடி யூரோ வரைக்கும்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க, நமீபியாவுல லோஃப்டல்ங்கற இடத்துலயும் தேடிட்டு இருக்காங்க. ஒரே கூடைல முட்டை வெக்கறதோட விலை என்னன்னு பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட நாடு.

அதுக்காக ஜோக்மெக் தொட்டதெல்லாம் பொன்னுன்னு நினைச்சுடாதீங்க. 2019ல மிட்சுயிங்கற ஜப்பான் வர்த்தகக் கம்பெனியோட சேந்து ரஷ்யாவோட ஆர்க்டிக் எல்என்ஜி 2 திட்டத்துல 10 சதவீதம் எடுத்தாங்க. 2022ல போர், 2023 நவம்பர்ல அமெரிக்கா அந்தத் திட்டத்து மேலயே தடை போட்டுச்சு, போட்ட பணம் பனில நிக்குது. மொசாம்பிக் கேஸ் திட்டத்துலயும் இவங்க ரெண்டு பேரும் சேந்து பங்கு வெச்சிருக்காங்க, 2021ல தீவிரவாதத் தாக்குதலால வேலை நின்னு வருஷக்கணக்கா இழுத்துச்சு. இது மக்கள் வரிப்பணம், அங்க கேள்வி கேக்கறாங்க, கேக்கணும். பழைய கழகத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னா, இங்க தனியார் கம்பெனியும் தன் சொந்தக் காசைப் பக்கத்துல வெச்சிருக்கு, அதனால ரெண்டு தரப்பும் கணக்குப் பாத்துதான் இறங்கும், பாத்தும் சில நேரம் போகும்.

கடலடி ஆராய்ச்சியும் நிறையப் பண்றாங்க, அதை வேகமா சொல்லிட்டுப் போயிடறேன், ஏன்னா தலைப்புச் செய்தியா வர்ற அளவுக்கு இன்னும் சரக்கா வரல. 2013 மார்ச்ல சிக்யூ கப்பலை வெச்சு கடலுக்கடியில உறைஞ்சு கிடக்கற மீத்தேன் ஹைட்ரேட்ல இருந்து கேஸ் எடுத்தாங்க, கடல்ல உலகத்துலயே முதல் தடவை, ஆறு நாள்ல மணல் வந்து குழாய அடைச்சுடுச்சு. 2017ல ஒகினாவா பக்கம் 1,600 மீட்டர் ஆழத்துல இருந்து தாதுவைத் தொடர்ச்சியா மேல ஏத்தினாங்க. 2020 ஜூலைல மினாமிதோரிஷிமா பக்கம் கடல்மலை ஒண்ணுல கோபால்ட் படிஞ்ச மேலோட்டை வெட்டி 649 கிலோ எடுத்தாங்க. இதுல எது எப்ப லாபமா மாறும்னு யாராலயும் சொல்ல முடியாது, கடலடி உயிர்களுக்கு என்ன ஆகும்ங்கற கேள்வியும் பெருசு, அவசரப்படாம இருக்கறது நல்லதுன்னுதான் எனக்குத் தோணுது.

ஆனா ஜோக்மெக்கோட ஒரு வேலை செய்திலயே வராது, எனக்கு அதுமேல தனி மரியாதை. இவாதேல மத்சுவோன்னு ஒரு பழைய கந்தகச் சுரங்கம், ஒரு காலத்துல கிழக்காசியாவுலயே பெருசுன்னு பேரு, மலை உச்சில அடுக்குமாடி வீடு, ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாம் கட்டி மேகத்துக்கு மேல சொர்க்கம்னு கூப்பிட்டாங்க. எண்ணெய் சுத்திகரிக்கறப்ப கந்தகம் மலிவா கிடைக்க ஆரம்பிச்சதும் கம்பெனி 1960கள் கடைசில மூழ்கிடுச்சு, ஆள் எல்லாம் இறங்கிப் போயிட்டாங்க. ஆனா சுரங்கத்துக்குள்ள இருந்து ஆசிட் தண்ணி வர்றது நிக்கல. கித்தகாமி ஆறு செம்மண் கரைச்ச மாதிரி செவந்து ஓடுச்சு, மீன் இல்ல, கீழ இருக்கற வயலுக்குப் பயம். அரசு ஒரு சுத்திகரிப்பு ஆலை கட்டி 1982ல இருந்து முழுசா ஓட்டுது, இவாதே மாகாணத்துக்காக அதை நடத்தறது ஜோக்மெக். இரும்பை ஆக்சிஜனோட சேக்கற பாக்டீரியாவை விட்டு, அப்புறம் சுண்ணாம்புக்கல் தூள் போட்டு ஆசிடை முறிச்சு, சேறைப் பிரிச்சுட்டு தண்ணியை ஆத்துல விடறாங்க. ராத்திரி பகல் லீவு கிடையாது. ஒரு நாள் நின்னா ஆறு திரும்ப செவக்கும். சுரங்கத்தால சம்பாதிச்சவங்க போயி அரை நூற்றாண்டு ஆச்சு, பில்லு இன்னும் வந்துட்டே இருக்கு. கனிமப் பாதுகாப்புன்னு பேசறவங்க எல்லாரும் இந்தக் கணக்கையும் சேத்துப் பேசணும்.

இதைச் சொல்றப்ப எனக்கு மணவாளக்குறிச்சி ஞாபகம் வராம இருக்காது. 1909ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர், இங்கிருந்து போன தேங்காநார்க் கயிறுல ஒட்டியிருந்த மணலைப் பாத்து, ரேர் எர்த்தும் தோரியமும் இருக்கற மோனசைட்ங்கற கனிமத்தைக் கண்டுபிடிச்சார், அன்னிலருந்து அந்தக் கன்னியாகுமரி கடற்கரை மணலுக்கு உலகத்துல ஆள் தேடிட்டு வர்றாங்க. இப்ப அங்க அந்த மணலை எடுத்துப் பிரிக்கற அரசு கம்பெனி ஐஆர்இஎல் இருக்கு, கேரளாவுல சவராவுல இருக்கு, ஒடிசாவுல சத்ரபூர்ல இருக்கு. ஜப்பான் 2010 அடிக்கு அப்புறம் நம்மகிட்டயும் வந்தாங்க, 2012 ஒப்பந்தப்படி ஒடிசால பிரிச்ச சரக்கு விசாகப்பட்டினத்துல டொயோட்டா சூஷோவோட ஆலைக்குப் போயி அங்கிருந்து ஜப்பானுக்குப் போச்சு. 2025 ஜூன்ல அதை நிறுத்தி நாட்டுக்குள்ளயே வெச்சுக்கச் சொல்லி அரசு ஐஆர்இஎல் கிட்ட சொன்னதா செய்தி வந்துச்சு. ஏன்னா அந்த ஏப்ரல்ல சீனா ஏழு ரேர் எர்த்துக்கும் அதுல செய்யற மேக்னட்டுக்கும் கட்டுப்பாடு போட்டுச்சு, சரக்கை யாரு எதுக்குப் பயன்படுத்தப் போறாங்கன்னு காட்டற எண்ட் யூசர் சர்டிபிகேட்டுக்கு நாங்க அலையாத இடம் இல்ல. மணல் நம்மூர்ல, மேக்னட் சீனால இருந்து வரணும். நம்ம மணல்ல நியோடிமியம் ஓரளவு இருக்கு, டிஸ்ப்ரோசியம் ரொம்பக் குறைச்சல், ஆக்சைடை உலோகமாக்கி மேக்னட்டா சுடற ஆலைதான் இங்க பெரிய அளவுல இல்ல. மணல் அள்ளறதுக்கு எதிரா அந்த மீனவ ஊர்கள் பேசறதையும் குவாந்தான் ஜனங்க பேசினதையும் ஒரே காதால கேக்கணும், கதிர்வீச்சு பயம் அவங்க வீட்டு வாசல்ல இருக்கு.

உங்க கடைசிக் கேள்வி, காபில் ஜோக்மெக் மாதிரியா. நால்கோ, இந்துஸ்தான் காப்பர், எம்இசிஎல்னு மூணு அரசு கம்பெனி சேந்து 2019 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது காபில், 2024 ஜனவரில அர்ஜென்டினாவுல கட்டமார்க்கா மாகாணத்துல அஞ்சு லித்தியம் பிளாக் வாங்கிருக்கு, சுமார் 15,703 ஹெக்டேர், இப்ப தேடற கட்டம். அது தானே போயி சுரங்கம் எடுக்கப் பாக்கற கம்பெனி. ஜோக்மெக் மத்தவங்க எடுக்கறதுக்கு முதுகு குடுக்கற அமைப்பு. எண்ணெய் குகைகளைப் பாத்துக்கறதுக்கு ஐஎஸ்பிஆர்எல்னு இங்க தனிக் கம்பெனி, மணலுக்கு ஐஆர்இஎல், கனிமம் தேடறதுக்கு ஜிஎஸ்ஐங்கற புவியியல் ஆய்வுத் துறை, எல்லாம் வேற வேற அமைச்சகம். ஜப்பான்ல அதெல்லாம் ஒரே கூரைக்கு அடியில இருக்கறதால ஒரு லைனஸ் விஷயத்துல முடிவெடுக்க பத்து கையெழுத்து தேவைப்படல.

2025 ஜனவரில தேசிய முக்கியக் கனிம இயக்கம் அறிவிச்சாங்க, நவம்பர்ல மேக்னட் செய்யறதுக்குன்னே 7,280 கோடி ரூபாய்க்கு ஒரு ஸ்கீமுக்கு அமைச்சரவை ஒப்புதல் குடுத்துச்சு, வருஷத்துக்கு 6,000 டன் செய்யற அளவுக்கு ஆலைகள் வரணும்னு. எனக்கு அதுல உண்மையிலேயே சந்தோஷம், 15 வருஷமா இதுக்காகத்தான் காத்திருந்தேன். ஆனா அதுல விக்கற மேக்னட்டுக்குக் குடுக்கற ஊக்கத்தொகை அஞ்சு வருஷத்துக்குத்தான். ஆறாவது வருஷம் சீனா விலையைப் பாதியாக்கினா அந்த ஆலைகளோட கடனை யாரு தள்ளிப்போடுவாங்கன்னு ஸ்கீம் விவரத்துல தேடிப் பாத்தேன், அந்த வேலையைச் செய்யற அமைப்புன்னு ஒண்ணு அதுல எனக்குத் தென்படல.